பழைய சரக்கு லாரி வாங்குமுன் அதன் உண்மையான ஓட்டத்தையும் நிலையையும் அறியும் வகை

ஒரு காலத்தில் சரக்கு லாரி என்பது நகரத்து மண்டிக்காரரிடமும் ஆலை முதலாளிகளிடமும் மாத்திரமே காணப்பட்ட பொருளாகும். 1986-ஆம் ஆண்டில் டாடா 407 வண்டியும், 2005-ஆம் ஆண்டில் அதனினும் சிறிய டாடா ஏஸ் வண்டியும் விற்பனைக்கு வந்தபின் நிலைமை மாறிற்று. இப்பொழுது சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் தாலுகாக்களில் ஓரளவு நிலமுள்ள குடியானவர் பலர் சொந்த வண்டியில் நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்கும், உளுந்தை மண்டிக்கும் கொண்டுபோகின்றனர். பண்ருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் இவ்வாறே செல்கின்றன. புது வண்டியின் கிரயம் பெரும்பாலோர்க்கு எட்டாததாகையால், மற்றொருவர் ஓட்டிய பழைய வண்டியையே அவர்கள் நாடுகின்றனர். அதில் தவறு யாதும் இல்லை. நன்கு பேணப்பட்ட பழைய வண்டி, பேணப்படாத புது வண்டியைவிட நெடுங்காலம் உழைக்கும்.

ஆயினும் இந்த ஜில்லாவில் பழைய வண்டி வாங்குவோர் பெரும்பாலும் நகையை அடகு வைத்தோ, சம்பா அறுவடையின் முழுப் பணத்தையும் கொடுத்தோ வாங்குகின்றனர். அவ்வண்டி அடுத்த தை, மாசி அறுவடையின்போது இஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிடுமானால், களத்தில் கிடக்கும் நெல் நனைவதும், வாடகை வண்டிக்குக் கேட்ட கூலியைக் கொடுப்பதும், கடனுக்கு வட்டி கட்டுவதும் ஒருசேர வந்து சேரும். ஆகவே வாங்குமுன் ஒரு பகல் பொழுதைச் செலவிட்டு வண்டியைப் பரீட்சித்தல் மிகவும் அவசியம்.

மாட்டுச் சந்தைக்குச் சென்று பழகிய குடியானவர் எவரும், எருதின் வயது என்ன என்று தரகரைக் கேட்டு அதனை அப்படியே நம்பிவிடுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று அவருக்கே வயது தெரிந்துவிடுகிறது. அதன்பின் நடக்கவிட்டுக் குளம்பைப் பார்க்கிறார். கழுத்தில் நுகத்தடித் தழும்பு எவ்வளவு என்று பார்க்கிறார். அதே மனிதர் லாரி வாங்கச் செல்லும்போது, ஓட்டுநரின் முன்னே மீட்டரில் தெரியும் எண்ணைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரே கை ஓட்டின வண்டி" என்று தரகர் சொல்லும் சொல்லையும் கேட்டுவிட்டு, முன்பணம் கொடுத்துவிடுவது வியப்பாகும். இன்னும் சிலர் மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல வண்டியின் பதிவு எண்ணைக் கூட்டிப் பார்க்கின்றனர். கூட்டுத்தொகை எதுவாயினும் இஞ்சினுக்கு அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மீட்டர் எண் என்பது தரகர் சொல்லும் வயதைப் போன்றதே. வண்டிக்கும் பற்கள் உண்டு. அவற்றைப் பார்க்கும் வகையே இங்குச் சொல்லப்படுவது.

மீட்டரின் இயல்பு

ஓடிய தூரத்தை வண்டியே கணக்கிட்டுச் சொல்லும் ஏற்பாடு மிகப் பழமையானது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற ரோமானியச் சிற்பி, ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும்படி அமைத்த வண்டியைப் பற்றி எழுதியுள்ளார். கல்லை எண்ணினால் தூரம் தெரியும். பெட்டியிலிருந்து நாலு கல்லை எடுத்துவிட்டால் தூரம் குறைந்துவிடும். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் இந்தக் குறை நீங்கவில்லை.

பழைய வண்டிகளில் கியர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் சுழன்று, மீட்டரிலுள்ள எண் உருளைகளைத் திருப்பும். அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. ஐந்து உருளைகளே உள்ள மீட்டர் ஒரு லட்சத்தை எட்டியதும் தானாகவே பூஜ்யத்திற்குத் திரும்பிவிடும். மீட்டரைத் திறந்து உருளைகளைக் கையால் திருப்பியிருந்தால், இலக்கங்கள் ஒரே வரிசையில் நில்லாமல் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் காணப்படும். பிற்காலத்து மின் மீட்டர்களில் எண் ஒரு சிறு நினைவுச் சில்லில் பதிந்திருக்கிறது. அதனை மாற்றுவதற்கு வேண்டிய கருவி தெரிந்தவனுக்குச் சில நிமிஷ வேலையே. இலக்கங்கள் கோணாமல் அழகாகத் தெரிவதால், இதனைக் கண்ணால் கண்டுபிடித்தல் இயலாது.

குறைந்த எண்ணைக் காட்டும் மீட்டர் யாவும் மோசடி என்று கொள்ளுதலும் தவறு. கேபிள் அறுந்து மூன்று ஆண்டு அப்படியே ஓடிய வண்டிகள் கிராமங்களில் ஏராளம். மீட்டர் பழுதாகிப் புது மீட்டர் பொருத்தினால் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். விற்பவர் அதை மறந்திருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். எவ்வாறாயினும் வாங்குபவருக்கு நேரும் நஷ்டம் ஒன்றே.

வெளிநாடுகளில் இதற்கெனச் சட்டங்கள் உண்டு. அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டிலேயே மீட்டரைத் திருத்துதல் மத்திய சட்டத்தால் குற்றமாக்கப்பட்டது. அவ்வாறிருந்தும், 1987-ஆம் ஆண்டில் அந்நாட்டின் பெருங் கம்பெனிகளுள் ஒன்றாகிய கிரைஸ்லர், மீட்டரைத் துண்டித்துத் தன் அதிகாரிகள் ஓட்டிய கார்களைப் புதியவை என விற்றதாக வழக்குக்கு உள்ளாகி, அதன் தலைவர் லீ அயக்கோக்கா பகிரங்கமாக வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. பெல்ஜியம் நாட்டில் 2006-ஆம் ஆண்டு முதல், வண்டி பட்டறைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் மீட்டர் எண் பொதுப் பதிவேடு ஒன்றில் ஏறுகிறது. விற்கும்போது அப்பதிவின் சான்றினைக் கொடுக்க வேண்டும். இதில் குடியானவர் கவனிக்கத்தக்க விஷயம் மற்றொன்று உளது. அமெரிக்கச் சட்டம் விற்பவர் மீட்டர் எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கூறினும், மொத்த எடை ஏறத்தாழ 7,250 கிலோவுக்கு மேற்பட்ட கனரக லாரிகளுக்கு அவ்விதியிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. உழைக்கும் வண்டியின் மதிப்பு, அது எவ்வளவு தூரம் ஓடிற்று என்பதைவிட எதைச் சுமந்தது, எவ்வாறு பேணப்பட்டது என்பதையே பொறுத்தது. கடலூர் ஜில்லாவில் இது இருமடங்கு உண்மை என்பது பின்னர் விளங்கும்.

கணக்குப் பார்த்தல்

வண்டியைத் தொடுமுன், உரிமையாளரிடம் வண்டி என்ன வேலை செய்தது என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தல் நலம். தம் வண்டியின் உழைப்பைப் பெருமையாகப் பேசுபவர், மீட்டர் எண்ணை மறந்துவிடுவார். உதாரணமாக, ஐந்து ஆண்டு ஓடிய ஒரு சிறு லாரியின் மீட்டர் 78,000 கிலோமீட்டர் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு முறை சிதம்பரத்திலிருந்து சென்னைக்குக் காய்கறி ஏற்றிச் சென்றதாக உரிமையாளர் கூறுகிறார். போக வர ஏறத்தாழ 440 கிலோமீட்டர். மழைக்காலம், பண்டிகை, பழுது என்று 12 வாரங்களைக் கழித்து ஆண்டுக்கு 40 வாரம் என்றாலும், 80 நடைக்கு 35,200 கிலோமீட்டர் ஆகிறது. ஐந்து ஆண்டில் 1,76,000. மீட்டர் காட்டுவது அதில் பாதியும் இல்லை.

டீசல் கணக்கும் இவ்வாறே சாட்சி சொல்லும். மாதம் 200 லிட்டர் டீசல் போட்டதாகப் பங்கின் பற்றுச் சீட்டுகள் காட்டுமானால், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டி மாதம் 2,400, ஆண்டுக்கு 28,800 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் பாஸ்டாக் கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், வண்டி எந்த நாளில் எந்தச் சாவடியைக் கடந்தது என்ற விவரம் பாங்கிக் கணக்கில் இருக்கும். உரிமையாளர் மனம் வைத்தால் அதனைத் தம் கைப்பேசியிலேயே எடுத்துக் காட்டக்கூடும். கம்பெனிப் பட்டறையில் வேலை பார்த்த வண்டியாயின், அங்குச் சேசிஸ் எண்ணைச் சொல்லி, உரிமையாளரையும் உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பதிவான மீட்டர் எண்ணைக் கேட்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் 92,000 என்று பதிவாகியுள்ள வண்டி இன்று 78,000 காட்டுமானால், அதற்குமேல் விசாரணை எதற்கு? இஞ்சினைக் கணினி ஆளும் வண்டிகள் சிலவற்றில், மீட்டரிலன்றி அக்கணினியிலும் ஓட்டத்தின் கணக்கு இருக்கிறது. பட்டறையிலுள்ள ஸ்கேனர் கருவியை இணைத்து இரண்டையும் ஒப்பிடலாம். அதற்காகும் கூலியைப் பொருட்படுத்தலாகாது.

டிராக்டர் வாங்குவோருக்கும் ஒரு சொல். அதன் மீட்டர் மணிக்கணக்கைக் காட்டுவது. பழைய மாதிரிகளில் அந்த மணி கடிகார மணியன்று. இஞ்சினின் குறித்த சுழற்சி வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினாலே மீட்டரில் ஒரு மணி ஏறும். மெதுவாக ஓடவிட்டு டிரெய்லர் இழுத்த டிராக்டர் காட்டும் மணி, அது உண்மையில் உழைத்த நேரத்தினும் குறைவாகவே இருக்கும்.

வண்டியின் பற்கள்

விற்பவர் வண்டியை அலங்கரிக்கும்போது, வாங்குபவர் கண் செல்லும் இடங்களையே அலங்கரிப்பார். ஆகையால் கண் செல்லாத இடங்களைப் பார்த்தல் வேண்டும். சிறந்த உபாயம் யாதெனில், ஓட்டுநர் பக்கத்தையும் மற்றப் பக்கத்தையும் ஒப்பிடுவதாகும். ஓட்டுநர் ஒரு நாளில் பத்து முறை ஏறி இறங்குவார். மறு கதவு அவ்வளவு திறக்கப்படுவதில்லை. ஓட்டுநர் கதவைப் பாதி திறந்து, விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கீல் தேய்ந்திருந்தால் கதவு தொங்கி, தூக்கும்போது கையில் அசைவு தெரியும். மறு கதவில் அசைவின்றி இதில் மாத்திரம் மிகுதியாயின் வண்டி நெடுந்தூரம் ஓடியது என்றறியலாம். இருக்கையின் பஞ்சு அமுங்கிய விதம், ஏறும் படியின் தேய்வு, கிளட்ச் மிதியின் ரப்பர், கியர் தண்டின் குமிழ் ஆகியவை யாவும் கூடிப் பேசும். நாற்பதாயிரம் ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியில் மிதி ரப்பர்கள் புத்தம் புதியனவாக இருந்தால், பழைய ரப்பர் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். ரப்பரைக் கழற்றிப் பார்த்தால் அதன் கீழுள்ள இரும்பு மழமழவென்று தேய்ந்திருப்பதும் உண்டு.

பின்புறத்துச் சரக்குக் கதவின் கீல் ஆணிகளையும் தாழ்ப்பாள்களையும் பார்ப்போர் மிகச் சிலரே. எத்தனை முறை சரக்கு ஏறி இறங்கிற்று என்பதற்கு அவற்றினும் உண்மையான சாட்சி இல்லை. அவற்றை மாற்றும் எண்ணம் எந்தத் தரகருக்கும் தோன்றுவதில்லை.

டயர்களின் பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிப்பன. 3118 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 31-ஆம் வாரத்தில் செய்த டயர். வண்டி 2018-இல் பதிவாகி, டயர்கள் 2018-ஐச் சேர்ந்தனவாயின் அவை வண்டியோடு வந்தவை எனலாம். வண்டி 2018, மீட்டர் 30,000, டயர்களோ ஆறும் 2021 என்றால், முதல் டயர்கள் அத்துணை விரைவில் தேய்ந்ததற்குக் காரணம் வேண்டும். உதிரிச் சக்கரத்தையும் இறக்கிப் பார்த்தல் அவசியம். மற்றவற்றை மாற்றுபவர் அதை மாற்றுவதில்லை. முன் டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால், முன் அச்சிலோ ஸ்டீரிங் இணைப்புகளிலோ கோளாறு உண்டு. முன் சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால், கிங்பின்னும் பேரிங்கும் தேய்ந்தனவா என்பது கையிலேயே தெரிந்துவிடும்.

பிறகு பின்புறமாகச் சற்றுத் தள்ளி நின்று, சமதரையில் நிற்கும் வெறும் வண்டியைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து நிற்பின் வில் பட்டை ஒடிந்தோ தளர்ந்தோ இருக்கிறது. கம்பெனி கொடுத்த பட்டைகளுக்கு மேல் ஒன்றிரண்டு கூட்டிப் போட்டிருந்தால், அந்த வண்டி அனுமதித்த எடைக்கு மேல் சுமந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டா. சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும், நெல்லிக்குப்பம் ஆலைக்கும் கரும்பு ஏற்றிய வண்டிகளிலும், ஆற்று மணல் ஏற்றிய வண்டிகளிலும் இதனை மிகுதியாகக் காணலாம். அத்தகைய வண்டியின் அடியில் படுத்து, சேசிஸ் சட்டங்களை முன்னிருந்து பின்னாக நூல் பிடித்தாற்போல் நோக்க வேண்டும். வளைவு, விரிசல், வெல்டு வைத்த ஒட்டு ஆகியவற்றுள் எது காணினும் மேற்கொண்டு பேரம் பேசாதிருத்தல் நலம். இஞ்சினை மாற்றலாம், கியர் பெட்டியை மாற்றலாம். வளைந்த சேசிஸை நேர்ப்படுத்தினாலும் அது பழைய பலத்தைப் பெறுவதில்லை.

உப்பும் வெள்ளமும்

இந்த ஜில்லாவில் மீட்டர் எண்ணைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தண்ணீரே. கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, முடசல்ஓடை முதலிய இடங்களிலிருந்து மீன் ஏற்றும் வண்டிகளில் பனிக்கட்டி உருகிய உப்புநீர் வழி நெடுகச் சொட்டும். அது தளப் பலகையின் இடுக்குகளில் இறங்கிச் சேசிஸின் குறுக்குச் சட்டங்களிலும் பிரேக் குழாய்களிலும் தங்குகிறது. 20,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய மீன் வண்டியின் இரும்பு, இரண்டு லட்சம் ஓடிய நெல் வண்டியின் இரும்பைவிடக் கெட்டிருக்கக்கூடும். மீட்டர் உண்மையையே சொன்னாலும் இங்கு அதனால் பயன் இல்லை. ஒரு சிறு சுத்தியல் கொண்டு குறுக்குச் சட்டங்களையும், ஓட்டுநர் அறையின் தளத்தையும், சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்க்கும். அடிப்புறம் முழுவதும் அண்மையில் கறுப்புச் சாயம் பூசியிருப்பின், அதற்குள் என்ன மறைந்திருக்கிறது என்று சுரண்டிப் பார்க்க உரிமையாளரின் அனுமதி கேட்க வேண்டும். அனுமதியாதவரிடம் வாங்காதிருப்பதே மேல்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இதனினும் ஆபத்தானது. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் ஜில்லாவும் சென்னையும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையாறு பெருகிக் கடலூர்ப் பகுதியை மீண்டும் மூழ்கடித்தது. அவ்வாறு நீரில் நின்ற வண்டிகள் பல கழுவித் துடைக்கப்பட்டு மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். நின்ற வண்டியை நீரிலேயே கிளப்ப முயன்றிருந்தால், காற்றுக் குழாய் வழியே சிலிண்டருக்குள் நீர் புகும். காற்றைப்போல் நீர் அமுங்குவதில்லை. மேலெழும் பிஸ்டன் அதில் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த இஞ்சின் சில மாதங்கள் ஓடிய பின்னரே உடையும். மின் கம்பிகளின் இணைப்புகளுக்குள் புகுந்த சேறு பச்சைக் களிம்பாகி, ஓராண்டு கழித்து விளக்கையும் ஸ்டார்ட்டரையும் கெடுக்கும்.

வெள்ள வண்டியைக் கண்டறிய, இருக்கைப் பட்டியை முழுவதும் இழுத்து அதன் கடைசி முழத்தைப் பார்க்க வேண்டும். துடைப்பவன் கை அதுவரை செல்வதில்லை, சேற்றுக் கறை அப்படியே இருக்கும். இருக்கையின் கீழுள்ள தண்டவாளத் துரு, முகப்பு விளக்கின் உட்புறத்தில் நீர் நின்ற கோடு, டாஷ்போர்டின் அடிப்பக்கத்து மூலைகளில் உலர்ந்த வண்டல் இவையும் அடையாளங்கள். மழையில்லாத நாளில் ஓட்டுநர் அறைக்குள் நறுமணத் திரவம் மிகுதியாகத் தெளித்திருந்தால் அதுவும் சந்தேகத்திற்கு இடமே. இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் ஒரு குறிப்பு உண்டு. நஷ்ட ஈடு கோராத ஆண்டுகளுக்காக அளிக்கும் கழிவு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். முழுப் பாதுகாப்புப் பாலிசி தொடர்ந்து எடுத்துவந்த வண்டிக்கு அந்தக் கழிவு திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், அதற்கு முந்திய ஆண்டில் நஷ்ட ஈடு கோரப்பட்டிருக்க வேண்டும். எதற்காக என்று கேட்பதில் கூச்சம் வேண்டா.

இஞ்சினைப் பரீட்சித்தல்

வாங்குபவர் வரும்வரை வண்டியைக் கிளப்பக் கூடாது என்று முந்திய நாளே சொல்லி வைக்க வேண்டும். சென்றதும் முதற் காரியமாக இஞ்சின்மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுடுமானால், குளிர்ந்த நிலையில் கிளம்பாத வண்டியை முன்னரே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். மறுநாள் காலையில் வருதல் உத்தமம். சாவியைத் திருப்பியவுடன் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, இஞ்சின் ஓடியபின் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாத விளக்கு, கோளாறை மறைக்கக் கழற்றப்பட்டதாக இருக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் பதிவான பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்கள் விலை மிக்கவை. அவற்றைத் துண்டித்துவிட்டு விளக்கையும் அணைத்து வைப்பது உண்டு.

புகையின் நிறம் பல விஷயங்களைத் தெரிவிக்கும். கிளம்பியவுடன் சிறிது வெண்புகை வந்து மறைவது இயல்பு. சூடான பின்னும் வெண்புகை நீடித்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் செல்லுகிறது, அல்லது டீசல் சரியாக எரியவில்லை. நீலப் புகை எண்ணெய் எரிவதைக் குறிக்கும். கரும்புகை இன்ஜெக்டரின் பழுதையோ காற்று வடிகட்டியின் அடைப்பையோ காட்டும். இது ஓரளவு எளிதில் தீரக்கூடியது. இஞ்சின் நன்றாகச் சூடேறியபின், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். லேசான ஆவி வருவது குற்றமன்று; உலையூதுவதுபோல் குப் குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. நெய்வேலிப் பக்கத்துச் சாம்பலும் செங்கல் சூளைத் தூசியும் உண்ட வண்டிகளில், குறைந்த ஓட்டத்திலேயே இந்தத் தேய்வு காணலாம். மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. இஞ்சின் குளிர்ந்திருக்கையில் ரேடியேட்டரையும் திறந்து, தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். சூடாயிருக்கும்போது அதைத் திறப்பது அபாயம்.

வெறும் வண்டியை ஊருக்குள் ஓட்டிப் பார்த்தல் பரீட்சையாகாது. மூட்டை ஏற்றியே ஓட்டிப் பார்க்க வேண்டும். நமது ஜில்லா சமவெளியாகையால் மேம்பாலம் ஒன்றின் ஏற்றத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பாரத்துடன் ஏற்றத்தில் மேல் கியரில் செல்லும்போது, இஞ்சின் வேகம் மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஏற்றத்தில் நிறுத்திக் கைப் பிரேக்கையும் சோதித்துவிடலாம். இவ்வளவும் தாமே செய்ய இயலாதவர், தம் நம்பிக்கைக்குரிய மெக்கானிக்கு ஒருநாள் கூலி கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும். தரகர் அழைத்துவரும் மெக்கானிக் தரகருக்கே மெக்கானிக்.

பத்திரங்கள்

பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்தவற்றோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். சேசிஸ் எண் உள்ள இடம் அரம் பட்டதுபோல் இருந்தாலோ, தனித் தகட்டில் அடித்து ஒட்டப்பட்டிருந்தாலோ அவ்வண்டியை விட்டு விலக வேண்டும். பதிவு எண்ணைக் கொண்டு எம்-பரிவாஹன் செயலியில் தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் முதலியவற்றின் தேதிகளையும், கடன் அடைமானத்தையும், எத்தனையாவது உரிமையாளர் என்பதையும் பார்க்கலாம். பதிவு எண்ணின் முன்பகுதி, வண்டி முதலில் எங்கே பதிவாயிற்று என்பதைச் சொல்லும், கடலூருக்கு டி.என். 31, சிதம்பரத்திற்கு டி.என். 91. தூரத்து ஊர் வண்டியாயின் ஏன் இங்கு வந்தது என்று விசாரிக்க வேண்டும்.

சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். சான்று முடியும் தறுவாயில் விற்பவர், அதற்காகும் செலவை வாங்குபவர் தலையில் கட்டவே விரைகிறார். புதுப்பித்துக் கொடுத்தபின் வாங்குவதாகச் சொல்லிவிடுதல் நலம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை, மேற்பட்டதற்குத் தேவை. கடன் நிலுவை இருப்பின், கடன் கொடுத்த கம்பெனியின் கையொப்பமிட்ட 35-ஆம் படிவம் கைக்கு வரும்வரை முழுப் பணமும் கொடுக்கலாகாது. உரிமையாளர் இறந்துபோய் வாரிசுகள் விற்பதாயின், தாசில்தார் அளிக்கும் வாரிசுச் சான்றிதழுடன் 31-ஆம் படிவத்தில் முதலில் அவர்களுள் ஒருவர் பெயருக்கு மாற்றியாக வேண்டும். கிராம அதிகாரிகளிடம் யோசனை கேட்டு வருவோருக்கு இதனை எடுத்துச் சொன்னால் பிற்பாடு வரும் தாவாக்கள் பல நீங்கும். கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் வாங்கும்போது, மேற்கண்ட பரிசோதனைகளின் முடிவை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைப்பது தணிக்கைக்கும் உதவும்.

விற்ற பின் பெயர் மாற்றாமல் பல ஆண்டு ஓட்டும் வழக்கம் கிராமங்களில் மிகுதி. 2018-ஆம் ஆண்டு நவீன் குமார் வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகையால் பெயர் மாற்றத்தில் விற்பவருக்கே அக்கறை அதிகம் இருத்தல் வேண்டும். அதற்கு விரும்பாத விற்பனையாளர் எதையோ மறைக்கிறார்.

பணம் கொடுக்கும் நாளில் 29, 30-ஆம் படிவங்களில் கையொப்பம் பெறுவதோடு, தனியே ஒரு விற்பனைச் சீட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். அதில் நாளும் நேரமும், சேசிஸ் எண்ணும், அன்று மீட்டர் காட்டிய எண்ணும், அதுவே உண்மையான ஓட்டம் என்றோ, மீட்டர் பழுதானதால் உண்மை ஓட்டம் தெரியாதென்றோ விற்பவர் கைப்படக் குறிப்பும் இருக்க வேண்டும். வாயால் எளிதில் சொல்லும் எண்ணை எழுதித் தரத் தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கத்தைப் பார்த்து விலையைக் குறைத்துப் பேசலாம், விட்டும் விடலாம். பின்னர் வழக்கு நேரிடின் இந்தச் சீட்டே முதல் ஆதாரமாகும். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பத்திரத்தைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். விற்றவருக்குரிய கழிவு வாங்கியவருக்கு வராது என்பதையும் செலவுக் கணக்கில் முன்னரே சேர்த்துக்கொள்வது நலம்.